படியூர்க் குழி

"அவிநாசிபாளையம் போகிறோம்" என்று சொன்னால், கேட்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், "அவிநாசியப்பரைத் தரிசித்து வாருங்கள், முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட ஸ்தலமல்லவா?" என்று பக்தியோடு வழியனுப்பி வைக்கிறார்கள். அவிநாசி வேறு, அவிநாசிபாளையம் வேறு. முன்னது திருப்பூருக்கு வடமேற்கே கோவை - சேலம் ராஜபாட்டையில் உள்ள பாடல் பெற்ற ஸ்தலம். பின்னது திருப்பூருக்குத் தென்கிழக்கே, தாராபுரம் சாலையும் கோவை - திருச்சி சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் ஊர். பனியன் துணி ஏற்றிய வண்டிகளும், தேங்காய் ஏற்றிய வண்டிகளும், கருங்கல் ஜல்லி ஏற்றிய வண்டிகளும் அங்கே சற்று நின்று, தேநீர் அருந்திவிட்டு, நான்கு திக்கிலும் பிரிகின்றன. யாத்திரிகர் யாரும் அந்த ஊரைத் தேடி வருவதாகத் தெரியவில்லை. நாம் தேடிப் போனோம்.

போனதற்குக் காரணம், நம்முடன் வந்த நண்பர். அவர் பூகர்ப்ப சாஸ்திரம் கற்றவர். வெளிநாட்டு யாத்திரைப் புத்தகங்களை நிறையப் படிக்கிறவர். அந்தப் புத்தகங்களில் கிராமப்புறத்து நடை என்றால், கைவிடப்பட்ட கல்வெட்டுக் குழி ஒன்றும் இடிந்த தேவாலயம் ஒன்றும் இணைபிரியாமல் வந்துவிடுமாம். "நம் ஊரில் குழிகளுக்குக் குறைவா? பாழ்பட்ட கோயில்களுக்குத்தான் குறைவா? அவற்றைக் காண யாராவது நடந்து போகிறார்களா?" என்று அவர் கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஆகவே ஒரு விடியற்காலையில் அவிநாசிபாளையத்து நாற்சந்தியிலிருந்து வடகிழக்கே நடக்கத் தொடங்கினோம்.

ராஜபாட்டையை விட்டு இரண்டு பர்லாங்கு விலகியதுமே உலகம் மாறிவிடுகிறது. காற்றாலைகளின் வெண்ணிறக் கரங்கள் மட்டும் தூரத்தில் சுழல்கின்றன. மற்றபடி எங்கு நோக்கினும் செம்மண்ணும் சரளையும் முள்வேலியுமே. மேற்கு மலைத்தொடரின் மறைவில் கிடக்கும் மழை குறைந்த சீமை இது. பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் எட்டும் இடங்களில் தென்னை தலை தூக்குகிறது. எட்டாத இடங்களில் கொறங்காடு.

கொறங்காடு என்பதை வெறும் தரிசு என்று எண்ணிவிடலாகாது. அது மேய்ச்சலுக்கென்றே காப்பாற்றப்படும் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நடுநடுவே குடை விரித்த வெள்வேல மரங்கள். மரத்தின் நெற்று ஆட்டுக்கு ஆகாரம், நிழல் மாட்டுக்கு ஆறுதல். திமில் பருத்துக் கொம்பு வளைந்து நிற்கும் காங்கேயம் காளையை உண்டாக்கியது இந்தப் புல்தான். வேலிக்கு வேலி படலைத் திறந்து உள்ளே புகுந்தோம். திறந்த படலை மறக்காமல் மூடினோம். கொங்கு நாட்டில் படலை மூடாமல் போகிறவனுக்கு மன்னிப்புக் கிடையாது.

இரண்டு மணி நேரம் நடந்தபின் முதல் குழி எதிர்ப்பட்டது. இந்த வட்டாரத்தில் அதற்குப் 'பாறைக்குழி' என்று பெயர். பூமி திடீரென்று முடிந்துபோகிறது. கீழே செங்குத்தான கற்சுவர். அடியில் கரும்பச்சை நிறத் தண்ணீர். சுவரின் ஒரு மூலையில் வரிசை வரிசையாக உளியால் குடைந்த சிறு துளைகள். முற்காலத்தில் அத்துளைகளில் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்து, பாறையை ரேகை பிடித்தாற்போல் பிளந்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் வேலிக்கு நடும் கல்தூணும் இப்படித்தான் பிறந்தன. மற்றச் சுவர்களில் துளைகளின் நேர்த்தி இல்லை. வெடி வைத்துத் தகர்த்த காயங்கள் மட்டுமே இருந்தன. அங்கே கல் பொருளாக வெளிவரவில்லை, ஜல்லியாக வெளிவந்திருக்கிறது.

குழியின் விளிம்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, எடம் வாங்கறதுக்கா வந்தீங்க?"

"இல்லை, பெரியவரே. இந்தக் குழியைப் பார்க்க வந்தோம்."

"குழியப் பாக்கறதுக்கா! குழியில என்னுங்க இருக்குது? தண்ணி இருக்குது, ஆழம் இருக்குது."

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"கல்லு எடுத்தவங்களுக்குத்தானுங்க தெரியும். அவங்க போயி ரொம்ப வருசமாச்சு. எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு உளுந்துதுங்க. எறங்கறதுக்கு வழியில்லீங்க, பாத்துக்கிட்டே நின்னோம்."

அவர் சொன்னதில் குறை கூறும் தொனி இல்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார். நமக்குத்தான் மனம் சங்கடப்பட்டது. சிறு குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே தோண்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஆனால் தோண்டி முடித்துப் போனவர்கள் விட்டுச் சென்ற பழைய குழிக்கு வேலி போடுவது யார்? திருப்பூர் நகரம் ஒரு விடை கண்டுபிடித்தது. பின்னலாடைத் தொழிலால் பெருகிய நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகச் சுற்றுவட்டாரத்துப் பாறைக்குழிகளில் கொட்டப்பட்டு வந்தது. நிலத்தடி நீர் கெடுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று முதலிபாளையம் முதலிய ஊர் ஜனங்கள் 2025-இல் வீதிக்கு வந்து போராடினார்கள். கொங்கு நாட்டான் இலேசில் வீதிக்கு வருகிறவன் அல்லன். கிணற்றில் கை வைத்தால் மட்டும் வந்துவிடுவான்.

அந்தக் குழியை விட்டு மேலும் நடந்து, வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் படியூர் சேர்ந்தோம். திருப்பூரிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் இருக்கும் சாதாரண ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய கோபுரமோ கோட்டையோ அங்கு இல்லை. ஆனால் இந்தப் பெயரை ரோமாபுரிச் சரித்திரம் எழுதும் அறிஞர்கள் அறிவார்கள். ஏனெனில் பண்டைக் காலத்தில் ரோமானியச் சீமாட்டிகள் பெரிதும் விரும்பி அணிந்த ஒரு மணிக்கல் விளைந்த இடங்களில் படியூர் முக்கியமானது.

அந்தக் கல்லுக்குப் பெரில் என்று பெயர். கடல் நீரை ஒரு துளி எடுத்து உறைய வைத்தாற்போன்ற இளநீலப் பச்சை. உருகிய பாறை பூமிக்குள் மெதுவாகக் குளிரும்போது, கடைசியாக மிஞ்சும் குழம்பு விரிசல்களில் புகுந்து பெரும் பெரும் படிகங்களாக உறைகிறது. அப்படி உறைந்த நரம்புகளில்தான் பெரில், பட்டை தீட்டிய பென்சிலைப்போல ஆறு பக்கங்களோடு வளர்கிறது. பெயரின் கதை கல்லின் கதையைவிட ருசியானது. கிரேக்கர் சொன்ன 'பெரில்லோஸ்' என்பது பிராகிருதத்தின் 'வேருளிய' என்ற சொல்லிலிருந்து போனது. வடமொழி வைடூரியமும் அதன் உறவே. ஜெர்மானியர் இன்று மூக்குக் கண்ணாடியை 'பிரில்லெ' என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்லின் பேரப்பிள்ளைதான். பெர்லினில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போதெல்லாம் தம்மை அறியாமல் நம் நாட்டுக் கல்லின் பெயரை உச்சரிக்கிறார்!

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் பெரிலைப் பற்றி விஸ்தாரமாக எழுதினார். இந்தியர்களுக்கு நீண்ட பெரில் கற்களின் மேல் அபாரப் பிரியம் என்றும், தங்கத்தில் பதிக்காமலே அழகாயிருக்கும் கல் அது ஒன்றே என்று கருதி, துளையிட்டு யானையின் உரோமத்தில் கோத்து அணிகிறார்கள் என்றும் குறித்தார். இன்னொரு செய்தியும் சொன்னார்: பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்வதிலும் இந்தியர்கள் கைதேர்ந்தவர்களாம். சாயமேற்றும் வித்தை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல போலும் என்று நம் நண்பர் சிரித்தார். ஆண்டுதோறும் இந்தியா ரோமாபுரியிலிருந்து ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைக் கவர்ந்துகொள்கிறது என்று புலம்பியவரும் இதே பிளினிதான். அந்தப் புலம்பலுக்குச் சாட்சி கொங்கு நாட்டு மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-இலும் அதன் பின்னரும் ரோமானியக் காசுப் புதையல்கள் வெளிப்பட்டன. காங்கேயம் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் 1913-இல் அகஸ்டஸ், டைபீரியஸ் சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகள் 233 கிடைத்தன. இங்கே கல் போயிற்று, அங்கிருந்து காசு வந்தது.

பிற்காலத்தில் மறுபடியும் ஒரு முறை படியூரைத் தோண்டினார்கள். 1819 - 20 ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே சுரங்கம் நடத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். கம்பெனி ஆட்சிக் காலம். கல் எங்கே போயிருக்கும் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இம்முறை மாற்றாக வெள்ளிக் காசும் வரவில்லை. பிறகு சுரங்கத்தில் தண்ணீர் ஏறிற்று, வேலை நின்றது.

இப்போது படியூரில் பார்ப்பதற்கென்று ஒன்றும் இல்லை. புஞ்சைக் காடு, கிணறு, பனை, சாலையோரத்து பனியன் கம்பெனி. காட்டுக்குள் இறங்கி நடந்தோம். வெண்கல் சிதறல்கள் வெயிலில் பளபளத்தன. நண்பர் குனிந்து குனிந்து பொறுக்கினார். எல்லாம் சாதாரண வெண்கல்தான். மழை பெய்து ஓய்ந்தபின் செம்மண் கழுவப்பட்ட காடுகளில் நிறக்கல் பொறுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் உண்டு. ஒரு பள்ளிச் சிறுவன் எங்கள் பின்னாலேயே வந்து, "நிறக்கல்லுங்களா தேடறீங்க? மழைக்கப்பறம் வாங்க" என்று புத்தி சொல்லிப் போனான். ரோமாபுரிக்கும் படியூருக்கும் இருந்த சம்பந்தம் அவனுடைய பாடப் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டோம். ரோமாபுரி இருக்கிறது என்றான்.

படியூரிலிருந்து காங்கேயம் நோக்கிப் போகையில், கொப்பரைக் களங்களின் மணத்தோடு சிவன்மலை கண்ணுக்குப் படுகிறது. மலைமேல் முருகன் கோயில். பக்தர் கனவில் ஆண்டவன் கட்டளையிடும் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜிக்கும் வழக்கத்தால் இக்கோயில் தமிழ்நாடெங்கும் பிரசித்தம். ஒரு நாள் மண், ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் வேறேதோ. அது எதைக் குறிக்கிறது என்று நாடே யோசிக்கும். ஆனால் நம் நண்பர் பெட்டியைவிடப் படிக்கட்டுப் பாறையையே அதிகம் உற்றுப் பார்த்தார். சிவன்மலைப் பாறை உலகப் பிரசித்தி பெற்றது. இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இம்மலையின் பாறைத் தொகுதியைப் பற்றித் தனி நூலே 1901-இல் வெளியிட்டார். இதில் குருந்தக்கல் கிடைக்கிறது. நீலமும் கெம்பும் குருந்தத்தின் வகைகளே. ஆங்கில விஞ்ஞானம் இக்கல்லுக்கு இட்ட 'கொரண்டம்' என்ற பெயர், நம் குருந்தத்தின் திரிபு.

இந்த ஹாலண்ட் துரைதான் தேவாலயத்துக்கும் கல்லுக்கும் ஒரு முடிச்சுப் போட்டவர். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகு காலம் சொல்லப்பட்டு வந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை, அந்நகரின் செயின்ட் ஜான் தேவாலயத்து வளாகத்தில் இருக்கிறது. அதன் கருங்கல்லைச் சோதித்த ஹாலண்ட், அது வங்காளத்துக் கல் அல்ல, சென்னைக்கு அருகே பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் பாறை என்று கண்டார். அந்த வகைப் பாறைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். பாறை நம்முடையது, பெயர் கம்பெனி வியாபாரியுடையது. இன்று உலகத்தில் எங்கே அந்தப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான்.

மறுநாள் காலை வடக்கே நடந்து நொய்யலைக் கடந்தோம். கடந்தோம் என்று சொல்வதற்கு ஆற்றில் பெரிதாக எதுவும் ஓடவில்லை. திருப்பூர்ச் சாயக் கழிவால் இந்த ஆறு பட்ட பாட்டை நாடறியும். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தொட்டியாகிப்போன கொடுமையையும் அறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவைச் சுத்தம் செய்யும் ஏற்பாடுகள் மும்முரமாயின.

ஆற்றின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று இரண்டு இடங்களில் வரும் ஊர் இதுதான் என்பது அறிஞர் முடிபு. படியூர்ப் பெரிலும் சிவன்மலைக் குருந்தமும் மணியாக உருமாறிய பட்டறை ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக் கழகமும், மாநிலத் தொல்லியல் துறையும் அடுத்தடுத்து அகழ்ந்து பார்த்தன. உடைத்த கல், பட்டை தீட்டிய கல், துளையிடத் தொடங்கி உடைந்துபோன கல், முழு மணி என்று ஒரு தொழிலின் எல்லாப் படிகளும் மண்ணுக்குள் வரிசையாகக் கிடந்தன. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் கொங்கு நாட்டில் விளைவதன்று. தூரத்துக் கூர்ச்சரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இரும்பு உருக்கிய உலைகளும் இருந்தன. எல்லாவற்றையும்விட நம்மை நெகிழ வைப்பவை பானை ஓடுகள். பானை காய்ந்தபின் அதன் தோளில் தமிழ் பிராமி எழுத்தில் தம் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். பெயரைக் கீறியவர் எல்லோரும் அரசரல்லர், புலவருமல்லர். மணி துளைப்பவரும் உலை ஊதுபவரும் பெயர் எழுதத் தெரிந்த ஊராக இருந்திருக்கிறது இது.

இப்போது அங்கே காட்டு நடுவில் பெரும் பலகைக் கற்களால் கட்டிய ஈமக் கல்லறைகளும், சில நெடுங்கற்களும் நிற்கின்றன. கிழக்கே சிறிது தூரத்தில் சென்னிமலை தெரிகிறது. 1932-இல் திருப்பூர் வீதியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமரன் பிறந்த ஊர் அது. அந்தத் திசையைப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாக நின்றோம்.

நண்பர் கேட்ட 'பாழ்பட்ட கோயில்' விஜயமங்கலத்தில் கிடைத்தது. கொடுமணலுக்கு வடக்கே, ராஜபாட்டைக்கு அருகில், சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுத்த சமணக் கோயில். நெட்டைக் கோபுரம் என்று ஊர் ஜனங்கள் அழைக்கிறார்கள். கோபுரம் நெட்டையாகத்தான் நிற்கிறது. வணங்க வரும் கூட்டந்தான் இல்லை. கோவிலைக் கட்டி வாழ்ந்த சமணச் சமூகம் காலப்போக்கில் இங்கிருந்து கலைந்துபோயிற்று. உள்ளே ஒரு கல் தூணில், சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. சாமுண்டராயர் யாரென்றால், சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரரின் பேருருவை எழுப்பிய கங்க நாட்டு மந்திரி. அண்ணன் மலையையே சிலையாக்கினார். தங்கைக்கு ஒரு தூண். நமக்கென்னவோ அந்தத் தூணின் முன்னால்தான் அதிக நேரம் நிற்கத் தோன்றியது.

'பெருங்கதை' பாடிய கொங்குவேளிரின் ஊரும் விஜயமங்கலமே என்பர். அந்தக் காவியத்தை டாக்டர் உ.வே. சாமிநாத ஐயர் 1924-இல் பதிப்பித்தார். கிடைத்த ஏட்டில் முதற்பகுதியும் இல்லை, இறுதிப்பகுதியும் இல்லை. நடுவில் நிற்பதை வைத்துக்கொண்டுதான் முழுமையை ஊகிக்க வேண்டியிருக்கிறது. தலைவாசலும் கருவறையும் இடிந்து மண்டபம் மட்டும் எஞ்சிய கோவிலைப்போல.

"இடிந்த தேவாலயம் மட்டும் பாக்கி" என்றார் நண்பர். அதற்காகப் பஸ் ஏறி, அவிநாசியைத் தாண்டிக் கருமத்தம்பட்டி போனோம். ஜெபமாலை மாதாவின் பழமையான கோயில் அங்கே உண்டு. ஆனால் அது பாழ் அல்ல. ஐப்பசியை ஒட்டிய திருவிழாவில் சாதி மத பேதமின்றிக் கூட்டம் கூடும் வாழும் கோயில். நண்பருக்கு ஏமாற்றந்தான். ஆனால் நமக்கு அங்கே ஒரு கதை கிடைத்தது. 1846 அக்டோபர் 4-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்கே ஆயராக அபிஷேகம் பெற்றார். பெயர் பிரெசிலாக். இந்த நாட்டுத் திருச்சபையை இந்த நாட்டுக் குருமார்களே நடத்த வேண்டும், அவர்களை உருவாக்குவதே மிஷனரியின் முதற் கடமை என்று ஓயாமல் வாதாடியவர் அவர். அக்காலத்து வெள்ளைக்காரர் வாயில் அபூர்வமாக வரக்கூடிய வார்த்தை! சாதி ஆசாரங்களைத் திருச்சபைக்குள் அனுமதிப்பது பற்றிய சச்சரவில் மனச்சாட்சி இடம் தராமல் 1855-இல் பதவியை உதறினார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை ஸ்தாபித்தார். 1859-இல் சியரா லியோன் நாட்டுத் தலைநகரில் கால் வைத்து ஆறு வாரத்துக்குள், விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். கருமத்தம்பட்டிப் புழுதியில் தொடங்கிய ஒரு யோசனை மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை வரை நடந்திருக்கிறது.

இந்த வழியில் போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தை. திருப்பூரிலிருந்து அவிநாசிபாளையத்துக்கும் படியூருக்கும் பஸ் வசதி தாராளமாக உண்டு. கார்த்திகை, மார்கழியில் போவது உசிதம். கொறங்காட்டில் புல் பச்சையாயிருக்கும், வெயிலும் பொறுக்கும். குடிதண்ணீர் கையோடு கொண்டு போக வேண்டும். கொடுமணலில் கல்லறைகளின் மேல் ஏறி நின்று படம் பிடிப்பதைத் தவிர்க்கலாம். சிறு பிள்ளைகளை அழைத்துப் போனால் பாறைக்குழி ஓரத்தில் கையை விடவே கூடாது. கோடையில் அந்தத் தண்ணீர் பார்க்க வெகு குளுமையாயிருக்கிறது. ஆனால் அது படிக்கட்டு இல்லாத கிணறு. படியூரில் யாரையாவது வழி கேட்பதானால், முதியவர்களைவிடப் பள்ளிக்கூடத்துப் பையன்களைக் கேட்பது நல்லது. நிறக்கல் எந்தக் காட்டில் கிடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது.